ஆட்டீரலில் இருந்து இழைமணி லிகேஸ்: செய்முறை

இழைமணி என்பது கலத்துக்குள் ஆற்றல் தரும் சிறு உறுப்பு, அதற்கும் தனி டிஎன்ஏ உண்டு. லிகேஸ் என்பது டிஎன்ஏ இழையின் வெட்டை ஒட்டும் நொதியம். ஈரலைக் கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் விடியவே வாங்கிவிடுங்கள். வெட்டிய கையோடு ஐஸுக்குள் போகட்டும். காலி வீதி நெரிசலில் பஸ் நிற்கிற நேரம் போதும், சூட்டில் அதன் நொதியங்கள் தன்னையே தின்னத் தொடங்கிவிடும்.

குளிர்ந்த 0.25 மோலார் சுக்குரோசுக் கரைசலில் அரைத்து, புவியீர்ப்பைப் போல் 1,000 மடங்கில் சுற்றினால் கலங்களின் கருக்கள் அடியில் படியும். மேலே நிற்பதை மட்டும் எடுத்து 10,000 மடங்கில் சுற்றுங்கள். படிகிற கபில நிறப் பொருக்குத்தான் இழைமணிகள். கழுவி, டிரைடன் என்ற சவர்க்காரப் பொருளைச் சேர்த்து உடையுங்கள். கிடைப்பதுதான் சாறு.

இனித்தான் சோதனை. ஒரு இழையில் மட்டும் வெட்டு உள்ள பிளாஸ்மிட்டை (சிறு வட்ட டிஎன்ஏ) எடுத்து, சாறு, மக்னீசியம், ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி மூன்றையும் சேருங்கள். லிகேஸ் முதலில் ஏடிபியின் ஒரு பகுதியான ஏஎம்பியைத் தன்மேல் ஏற்றி, அதை வெட்டின் 5' பொசுபேற்றுக்கு மாற்றி, பிறகுதான் வெட்டை மூடும். பிறகு டிஎன்ஏவை மின்சாரத்தால் ஜெல்லில் ஓடவிட்டுப் பிரிக்க வேண்டும். டிஎன்ஏவுக்குள் நுழையும் சாயமான எதிடியம் புரோமைட்டை ஜெல்லுக்குள்ளேயே கலந்து வாருங்கள், ஓடி முடிந்தபின் சாயமிடுவது சரிவராது. மூடிய வட்டம் சாயத்தால் முறுக்கேறி வேகமாக ஓடும். வெட்டுள்ளது முறுக்கேற வழியின்றிப் பின்தங்கும். இடையில் நேர்கோட்டுப் பட்டை தெரிந்தால் உங்கள் சாற்றில் டிஎன்ஏவை வெட்டும் நொதியங்கள் மிஞ்சியிருக்கின்றன.

ஏடிபி சேர்க்காத குழாயிலும் மூடிய வட்டத்தின் பட்டை மங்கலாக வரலாம். பதற வேண்டாம். ஏற்கெனவே ஏஎம்பியைச் சுமந்து நிற்கும் லிகேஸ் ஒரு தடவை ஒட்டிவிடும்.

ஆனால் மூடிய வட்டத்தின் பட்டை தெரிந்ததும் அது இழைமணி லிகேஸின் வேலை என்று உடனே நம்பிவிடாதீர்கள். பாலூட்டிகளின் இழைமணிக்குள் இருக்கும் ஒரே லிகேஸ், லிகேஸ் 3 தான். கருவிலோ லிகேஸ் 1, 3, 4 எல்லாம் உண்டு. அப்போ கொஞ்சம் கரு கலந்தாலும் ஏமாற்றிவிடும். கருவில் லிகேஸ் 3-க்குத் துணை நிற்கும் எக்ஸ்ஆர்சிசி1 புரதம் இழைமணியில் இல்லை. குறிப்பிட்ட புரதத்தை எதிர்ப்பொருளால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் அதைத் தேடுங்கள், தெரிந்தால் சாறு அசுத்தம். 2011-இல் வெளியான எலி ஆய்வுகளில் லிகேஸ் 3 இல்லாமலே கருவின் பழுதுபார்ப்பு நடந்தது, இழைமணி டிஎன்ஏதான் நிலைகுலைந்தது. கருவின் மற்ற லிகேஸ்களும் இதே பட்டையைத் தரக்கூடும், ஆகவே இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்கவே கூடாது.

மிச்சச் சாற்றையும் ஏடிபி சேர்த்த தாங்கற் கரைசலையும் சிறு குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். உருக்கி மறுபடி உறைய வைத்தால் ஏடிபி சிதைந்து போகும்.