டெக்சாஸில் ஸ்கூல் போர்டுக்கு நிற்கப் போகிறீர்களா? சம்பளக் கணக்கும் பயிற்சிக் கணக்கும்

முதலில் எல்லாரும் கேட்கும் கேள்வி: சம்பளம் எவ்வளவு? ஒரு பைசா கிடையாது. டிரஸ்டிகள், அதாவது ஸ்கூல் போர்டு உறுப்பினர்கள், ஊதியம் இல்லாமல்தான் பணியாற்ற வேண்டும் என்று டெக்சாஸ் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எவ்வளவு பணக்கார டிஸ்ட்ரிக்டாக இருந்தாலும் போர்டே கூடித் தனக்குச் சம்பளம் போட்டுக்கொள்ள வழியில்லை. 'லாஸ் ஏஞ்சலஸில் கொடுக்கிறார்களே' என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், அங்கே வேறு வேலை பார்க்காத உறுப்பினருக்கு 2017இல் ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்று உயர்த்தினார்கள். ஃப்ளோரிடாவிலும் சம்பளம் உண்டு, நியூ ஜெர்சியில் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, அதனால் அடுத்த மாநிலத்து நண்பர் சொல்லும் கணக்கை நம்பி இங்கே இறங்காதீர்கள்.

பயிற்சிக்கு வெளியூர் போனால் பயணச் செலவு, ஹோட்டல் வாடகை போன்றவற்றை டிஸ்ட்ரிக்ட் கொள்கைப்படி திரும்ப வாங்கலாம், ரசீதைத் தொலைக்காமல் இருந்தால். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: பதவியில் இருக்கும்போதும், பதவி முடிந்து ஒரு வருடம் ஆகும் வரையும் அதே டிஸ்ட்ரிக்டில் வேலைக்குச் சேர முடியாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு சப்ஸ்டிட்யூட் டீச்சராகப் போய்க்கொண்டிருக்கும் அம்மாக்கள் இதை மனுப் போடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

தகுதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். க்ரீன் கார்டு போதாது, அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். மாநிலத்தில் 12 மாதமும் அந்த டிஸ்ட்ரிக்டுக்குள் 6 மாதமும் குடியிருந்திருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அப்புறம், நன்கொடை வாங்குவதற்கோ செலவு செய்வதற்கோ முன்னால் பிரசாரப் பொருளாளரை நியமிக்கும் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். வாசலில் நடும் பிரசாரப் பலகைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் படிவத்தைத் தேடுவது தலைகீழ் வேலை.

இனி பயிற்சி. ஜெயித்த முதல் 120 நாள்தான் நெருக்கடி, காலண்டரை முதல் வாரமே எடுத்து வையுங்கள். உங்கள் டிஸ்ட்ரிக்டின் நடைமுறைகள் பற்றி 3 மணி நேரம், மாநிலக் கல்விச் சட்டம் பற்றி 3 மணி நேரம், மாணவர்களின் கற்றல் முன்னேற்றம் பற்றி 3 மணி நேரம், பள்ளிப் பாதுகாப்புக்கு 2 மணி நேரம், குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை, ஆள்கடத்தல் ஆகியவற்றைத் தடுப்பது பற்றி 1 மணி நேரம். இவை எல்லாம் அந்த 120 நாளுக்குள். கடைசி மூன்றையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். இவை போக, தொடர் கல்வி என்று முதல் வருடம் 10 மணி நேரம், அதற்குப் பிறகு வருடத்துக்கு 5. டிஸ்ட்ரிக்ட் நிர்வாகத்தை நடத்தும் சூப்பரிண்டெண்டென்டோடு மொத்த போர்டும் உட்காரும் 3 மணி நேரக் குழுப் பயிற்சி ஒவ்வொரு வருடமும் உண்டு, இதைத் தனியாக முடிக்க முடியாது, எல்லாருக்கும் ஒத்துவரும் தேதியைப் பிடிப்பதே பெரிய பாடு. சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்தால் புதுச் சட்டங்கள் பற்றியும் ஒரு வகுப்பு. முதல் வருடம் மட்டும் மூன்று முழு வேலை நாளுக்கு மேல் இதற்கே போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் சோம்பலாக உட்கார்ந்து கேட்கக் கூடாதது கற்றல் முன்னேற்ற வகுப்புதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புக்கும் கணக்குக்கும் போர்டு இலக்கு வைக்க வேண்டும் என்று 2019இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்த இலக்கை எப்படி வைப்பது, எட்டினோமா என்று சூப்பரிண்டெண்டென்டிடம் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் இங்கேதான் வரும். இதைத் தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பிருந்தே வேட்பாளராக இருக்கும்போது முடித்துவிடலாம். என்னைக் கேட்டால் அப்படித்தான் செய்ய வேண்டும், வாக்குக் கேட்கப் போகும் இடத்தில் பேச விஷயமும் கிடைக்கும்.

போர்டு கூட்டங்களை முன்கூட்டியே அறிவித்து, மக்கள் பார்க்கும்படி நடத்த வேண்டும் என்னும் பொதுக்கூட்டச் சட்டம் பற்றிய ஒரு மணி நேரப் பயிற்சிக்குக் கெடு 90 நாள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் இணையதளத்திலேயே இலவச வீடியோ இருக்கிறது. நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் நமக்கு எதற்கெடுத்தாலும் ஒரு வாட்ஸ்அப் குரூப் வேண்டும். ஏழு பேர் போர்டில் நான்கு பேர் சேர்ந்தால் கோரம் (quorum), அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை. அந்த நான்கு பேர் குரூப்பில் 'பள்ளி எல்லையை மாற்றலாமா' என்று பேசிக்கொண்டால், அறிவிப்பில்லாமல் கூட்டம் போட்டதாக ஆகிவிடலாம். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசாமல், நீங்கள் ஒருவரிடம், அவர் இன்னொருவரிடம் என்று கைமாறிப் போனாலும் அதே வம்புதான். தீபாவளி வாழ்த்து அனுப்பலாம், டிஸ்ட்ரிக்ட் விவகாரம் வேண்டாம்.

பயிற்சியை முடிக்காவிட்டால் என்ன ஆகும்? தேர்தலுக்கு முந்தைய கடைசி வழக்கமான கூட்டத்தில் யார் முடித்தார், யார் பாக்கி என்று போர்டு தலைவர் பெயர் சொல்லி அறிவிப்பார், அது கூட்டக் குறிப்பிலும் ஏறும். எதிர்த்து நிற்பவருக்கு வேறென்ன வேண்டும்? அதனால் ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் சான்றிதழை அன்றைக்கே சூப்பரிண்டெண்டென்ட் அலுவலகத்துக்கு அனுப்பி, கணக்கில் ஏற்றிவிட்டார்களா என்று கேட்டுவிட்டு, ஒரு நகலை உங்கள் மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.