லயத்து வீட்டில் கோவிட் நோயாளியைக் கவனிப்பவருக்கு

தனி அறை இல்லையா? நோயாளியின் கட்டிலை ஜன்னலோரம் போட்டு, காற்றாடியை வெளியே பார்த்து வையுங்கள். உங்கள் பக்கம் திருப்பினால் அவர் விடும் மூச்சு நேரே உங்கள் முகத்துக்குத்தான் வரும். பக்கத்தில் போகும்போது இருவருமே முகக்கவரி அணிய வேண்டும். கழற்றும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முன்பக்கத்தைத் தொடாமல் காதுக் கயிற்றைப் பிடித்துக் கழற்றி, சவர்க்காரம் போட்டு 20 வினாடி கை கழுவுங்கள்.

குளியலறை ஒன்றே என்றால் அவர் கடைசியாகக் குளிக்கட்டும். குழாய், தாழ்ப்பாளைத் துடைக்க, 1 லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 5 விழுக்காட்டு குளோராக்ஸ் (வெளுப்பு திரவம்) 20 மில்லி. அன்றன்று கலக்குங்கள், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். கழிவறை அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், ஜாக்கிரதை.

விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 95க்குக் கீழே காட்டினால் விரலைச் சூடுபடுத்தி மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் உடனே கிளினிக். மூச்சுத் திணறினால் ஆக்சிமீட்டர் எண்ணெல்லாம் பார்க்காமல் மலேசிய அவசர அழைப்பு 999.