அமெரிக்க லைசென்ஸை நம்பி ஜெர்மனியில் குடியேறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது, குப்பையைப் பிரித்துப் போட வேண்டும், சைக்கிள் பாதையில் நடக்கக் கூடாது. இதையெல்லாம் விமானத்தில் பக்கத்து சீட்காரரே சொல்லிவிடுவார். தவறினாலும் யாராவது முறைப்பார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவிலிருந்து புதிதாக வருபவர்கள் ஆண்டுதோறும் செய்துகொண்டே இருக்கும், பணத்தையோ சட்டத்தையோ தொடும் தவறுகள் வேறு.

ஆறு மாதக் கணக்கை மறப்பது

எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு இது. எரிச்சலூட்டுவதும் இதுவே. ஏனென்றால் தெரியாமல் செய்பவர்களைவிட, தவறான அறிவுரையை நம்பிச் செய்பவர்களே அதிகம்.

ஜெர்மனியில் நீங்கள் நிரந்தரமாக வசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதங்கள் மட்டுமே அமெரிக்க லைசென்ஸில் வண்டி ஓட்டலாம். மொத்தமே பன்னிரண்டு மாதங்களுக்குமேல் தங்கப் போவதில்லை என்று நிரூபித்தால் இன்னும் ஆறு மாதம் வரை நீட்டித்துத் தருவார்கள். அதற்குமேல் கிடையாது. விசா ஒட்டிய தேதியிலிருந்தோ, ரெசிடென்ஸ் கார்டு கையில் கிடைத்த நாளிலிருந்தோ எண்ணக் கூடாது. குடியேறிய நாள்தான் கணக்கு.

இங்கேதான் "தெரிந்தவர்கள்" நுழைவார்கள். இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துவிட்டால் ஒரு வருடம் ஓட்டலாம் என்பார் ஒருவர். அந்தப் பெர்மிட் உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்புக்குச் சமம். அதன் அட்டையில் ஒரு வருடம் என்று அச்சிட்டிருந்தாலும் ஜெர்மனியின் ஆறு மாதக் கெடு ஒரு நாள்கூட நீளாது. வார இறுதியில் நெதர்லாந்துக்குப் போய் வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பார் இன்னொருவர். அதுவும் சுற்றுலாப் பயணி விதியைக் குழப்பிக்கொண்ட கதை. வீடு ஜெர்மனியில் இருக்கும்வரை எல்லையைத் தாண்டி வந்தால் எதுவும் மாறாது.

ஏழாவது மாதம் போலீஸ் நிறுத்தினால் அபராதச் சீட்டோடு முடியாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது ஜெர்மனியில் கிரிமினல் குற்றம். அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை. தெரிந்தே காரைக் கொடுத்தவருக்கும் அதே சட்டம் பாயும். கணவர் பெயரில் இருக்கும் காரை மனைவி ஓட்டினாலும் இருவருக்கும் சிக்கல்தான். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் எதிர்த்தரப்புக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டு, உங்களிடம் 5,000 யூரோ வரை திருப்பிக் கேட்கலாம்.

அடுத்த கேள்வி, உங்கள் லைசென்ஸ் எந்த மாநிலத்துடையது என்பது. அமெரிக்கா முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம் கிடையாது. ஜெர்மன் ஓட்டுநர் உரிம விதிகளின் 11-ஆவது இணைப்பில் மாநிலவாரியாகப் பட்டியல் இருக்கிறது. டெக்சஸ், பென்சில்வேனியா, இல்லினாய், மிச்சிகன் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எந்தத் தேர்வும் எழுதாமல் மாற்றிக்கொள்ளலாம். ஃபுளோரிடா, ஓரிகன், டென்னசி என்றால் எழுத்துத் தேர்வு மட்டும் உண்டு. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் பட்டியலிலேயே இல்லை: எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் கட்டாயம். இருபது வருடம் லாஸ் ஏஞ்சலஸ் நெரிசலில் ஓட்டியவரும் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு தேர்வறையில் உட்கார வேண்டும். (இந்திய, இலங்கை லைசென்ஸ்களுக்கும் இதே நிலைதான். சான் ஹோசேயிலிருந்து மியூனிக்குக்கு மாறும் தமிழர்கள் கையில் எதை வைத்திருந்தாலும் தப்பிக்க முடியாது.)

கலிஃபோர்னியாக்காரர்கள் சிலர் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடிப்பார்கள். ஜெர்மனியில் முகவரியைப் பதிவு செய்த பிறகு டெக்சஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய், அங்கே ஒரு லைசென்ஸ் எடுத்துக்கொண்டு திரும்புவது. அது செல்லாது. ஜெர்மனியில் வசிக்கும் காலத்தில் வெளிநாட்டில் வாங்கிய லைசென்ஸை ஏற்பதில்லை. நேர்மையாக இணையத்தில் புதுப்பித்தவர்களும் இந்த வலையில் விழுவது உண்டு: புதிய அட்டையில் அச்சான தேதி குடியேறிய தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் அலுவலர் சந்தேகப்படுவார். முதலில் எந்த ஆண்டு லைசென்ஸ் வாங்கினீர்கள் என்று காட்டும் டிரைவிங் ரெக்கார்டை மாநிலத்தின் டிஎம்வியிடமிருந்து (லைசென்ஸ் வழங்கும் அலுவலகம்) கிளம்புவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குடியேறிய முதல் இரண்டு மாதங்களுக்குள் உள்ளூர் ஃபியூரர்ஷைன்ஷ்டெல்லேயில் (ஓட்டுநர் உரிம அலுவலகம்) விண்ணப்பித்துவிடுவது நல்லது. நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம். பாஸ்போர்ட், முகவரிப் பதிவுச் சான்று, அசல் லைசென்ஸ், அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு (ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம் செய்து தரும்), 35×45 மில்லிமீட்டர் பயோமெட்ரிக் படம் ஆகியவை தேவை. பட்டியலில் இல்லாத மாநிலக்காரர்களுக்குக் கண் பரிசோதனையும் முதலுதவி வகுப்பும் கூடுதல். முதலுதவி வகுப்பு என்பது 45 நிமிடப் பாடங்கள் ஒன்பது, ஒரே நாளில் முடிந்துவிடும். இவர்களுக்குக் கட்டாயப் பயிற்சி மணிநேரம் கிடையாது, ஆனால் தேர்வுக்கு ஓட்டுநர் பள்ளியின் காரும் பயிற்றுநரும் வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு கொடுத்தால் பொதுவாக ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம் என்ற குறியீடு லைசென்ஸில் ஏறும்.

எழுத்துத் தேர்வு ஆங்கிலத்திலும் உண்டு. 30 கேள்விகள், பத்து பிழைப் புள்ளிக்கு மேல் போனால் தோல்வி. ஐந்து புள்ளிக் கேள்விகள் இரண்டு தவறினால், பத்தைத் தாண்டாவிட்டாலும் தோல்விதான், வீட்டுக்குப் போகலாம். பொது அறிவை நம்பிப் போகிற அனுபவசாலிகள் இங்கேதான் கவிழ்கிறார்கள்.

புதிய அட்டையை வாங்கும்போது அமெரிக்க லைசென்ஸை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்காகச் சண்டை போட்டுப் பயனில்லை. கெடு தாண்டிவிட்டால் மாற்றும் உரிமை போய்விட்டதோ என்று சிலர் பயந்து ஒளிகிறார்கள், போகவில்லை. ஓட்டும் உரிமைதான் போயிருக்கிறது. புது அட்டை வரும்வரை ரயிலில் போங்கள்.

ராம்ஸ்டைன் போன்ற தளங்களில் இருக்கும் அமெரிக்க ராணுவத்தினருக்கு வேறு ஒப்பந்தம், வேறு லைசென்ஸ். அவர்கள் சொல்லும் எதையும் உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

வலப்பக்கத்துக்கு வழிவிடாதது

பலகை இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. சின்னச் சந்திலிருந்து வந்தாலும் அப்படித்தான். முதலில் வந்தவர் முதலில் போவது அமெரிக்காவின் நான்குமுனை ஸ்டாப் பழக்கம், இங்கே இல்லை. சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக் கூடாது. கறுப்புப் பலகையில் பச்சை அம்பு இருந்தால் மட்டும், முழுமையாக நின்று பார்த்துத் திரும்பலாம்.

ஆட்டோபானில் நெரிசல் தொடங்கியதுமே இடது ஓரத் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கமும், மற்ற எல்லாத் தடக்காரர்களும் வலப்பக்கமும் ஒதுங்கி ஆம்புலன்ஸுக்கு வழி அமைக்க வேண்டும். சைரன் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. அமைக்காவிட்டால் 200 யூரோ அபராதம், ஓட்டுநர் பதிவேட்டில் இரண்டு தண்டனைப் புள்ளிகள், ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை.

பதிவுப் படிவத்தில் மதத்தைப் பழக்கதோஷத்தில் எழுதுவது

வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தம் போதாது. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிச் சான்று வேண்டும். அந்தப் படிவத்தில் மதக் கட்டம் ஒன்று இருக்கும். கத்தோலிக்கர் என்று எழுதினால் வருமான வரியின் மேல் 9 சதவீதம் தேவாலய வரி சம்பளத்தில் பிடிப்பார்கள். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8 சதவீதம். உண்மையில் திருச்சபை உறுப்பினராக இருப்பவரை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் விலக வேண்டுமென்றால் அதற்கென ஒரு அலுவலகத்தில் முறைப்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கட்டும்.

வாடகை வீட்டை மின்னஞ்சலில் காலி செய்வது

செல்லாது. காகிதத்தில், பேனாக் கையெழுத்தோடு, மூன்று மாத முன்னறிவிப்பு. அந்த மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் வீட்டுக்காரர் கையில் கிடைத்தால்தான் அந்த மாதமும் கணக்கில் சேரும். ஒரு நாள் தாமதம் ஒரு மாத வாடகை. முப்பது நாள் நோட்டீஸ் மனநிலையை விமானநிலையத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஜிம்முக்கும் இதே எச்சரிக்கை. வேறு ஊருக்குப் போவது மட்டும் ஒப்பந்தத்தை முறிக்கக் காரணமாகாது என்று ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2016-இல் சொல்லிவிட்டது. 2022 மார்ச் 1 முதல் போட்ட ஒப்பந்தம் என்றால் முதல் தவணை முடிந்தபின் ஒரு மாத அறிவிப்பில் விலகலாம். முதல் தவணை இரண்டு வருடம் வரை இருக்கலாம், கையெழுத்திடும்முன் பாருங்கள்.

டிவி இல்லையென்று ஒலிபரப்புக் கட்டணக் கடிதத்தைக் கிழிப்பது

டிவி இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ.

பிறந்தநாளுக்கு முந்தைய நாளே வாழ்த்துவது

வேண்டாம். கேக்கையும் பிறந்தநாள்காரரே கொண்டுவருவார்.

பார்க்கிங் டிஸ்க்கைச் சரியான நிமிடத்தில் வைப்பது

வண்டியை எப்போது நிறுத்தினீர்கள் என்று காட்ட கண்ணாடிக்குள் வைக்கும் அட்டைக் கடிகாரம் இது. முள்ளை வந்த நேரத்துக்கு அடுத்த அரைமணிக் கோட்டில் வைக்க வேண்டும். 10.10-க்கு நிறுத்தினால் 10.30.