போன்ல விசுவாசத்தை பகிரணுமா? சிங்கப்பூர்ல இருக்குற நம்மாளுங்களுக்கு சில வழி

ஆன்லைன்ல விசுவாசத்தை பகிரணும்னு ஆசை வந்தா பெரும்பாலும் எல்லாரும் முதல்ல பண்றது யூடியூப் சேனல் தான், லோகோ போடுறாங்க, ரிங் லைட் வாங்குறாங்க, மைக் ஆர்டர் பண்றாங்க, கொஞ்ச மாசத்துல சேனல் தூங்கிடுது. அங்க ஆரம்பிக்காதீங்கன்னு தான் நான் சொல்லுவேன். இங்க தமிழ்ல கேக்குற கத்தோலிக்கர் யாரு, அவங்க எந்த நேரத்துல போனை கையில எடுக்குறாங்க, அதை முதல்ல யோசிங்க.

துவாஸ் பக்கம் ஷிப்யார்டுல ஞாயித்துக்கிழமையும் டூட்டி பாக்குற தம்பி ஒருத்தர். அவருக்கு கிடைக்கிற நேரம் காலையில லாரி ஏறி சைட்டு போய் இறங்குற வரைக்கும் தான். ஈசூன்ல தனியா இருக்குற பாட்டி, கண்ணு சரியா தெரியாது, நீளமா டைப் பண்ணி அனுப்பினா படிக்க மாட்டாங்க, ஆனா வாய்ஸ் மெசேஜை அமுக்கி கேக்கத் தெரியும். அப்புறம் செகண்டரி ஸ்கூல் பிள்ளைங்க, தமிழ் நல்லா புரியும், படிக்கச் சொன்னா ஓடிடுவாங்க. இந்த மூணு பேருக்கும் ஒத்து வர்றது குரல். அதனால வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்ல ஆரம்பிங்க, தினம் ஒன்னு, அன்னைய நற்செய்தி, மூணு நிமிஷத்துக்குள்ள.

தினமும் என்ன பேசுறதுன்னு மண்டையை உடைச்சுக்க வேணாம், ஏன்னா திருச்சபையே லிஸ்ட் போட்டு வெச்சிருக்கு. ஞாயிறு வாசகம் ஏ, பி, சின்னு மூணு வருஷம் சுத்தி வரும், 2025 திருவருகைக்காலத்துல (கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள்) இருந்து ஏ ஆண்டு, அதாவது பெரும்பாலும் மத்தேயு நற்செய்தி. வாரநாள் நற்செய்தி வருஷா வருஷம் அதே வரிசை தான். திருவிவிலியத்துல இருந்தே வாசிங்க, 1995ல வந்த அந்த பொது மொழிபெயர்ப்பு தான் கோவில்ல கேக்குறது, பழகின வார்த்தை காதுல விழுந்தா பாட்டிக்கு ஒரு நிம்மதி. கிழமையை சொல்லுங்க, எந்த அதிகாரம்னு சொல்லுங்க, வாசிங்க, உங்க மனசுல பட்டதை ரெண்டு வரி சொல்லுங்க, ஒரு சின்ன செபம், அவ்ளோ தான். வசன நம்பரை எல்லாம் வாசிக்காதீங்க. மறையுரையை ஃபாதர்கிட்ட விட்டுடுங்க, கேக்குறவங்க உங்ககிட்ட எதிர்பாக்குறது விளக்கவுரை இல்ல.

ரெக்கார்டிங் தான் பலபேரு கோட்டை விடுற இடம். ஹெச்டிபி வீட்டுல சத்தம் இல்லாத மூலையே கிடையாது, அதனால ராத்திரி பெட்ரூம் கதவை சாத்தி, ஃபேனையும் ஏர்கானையும் ஆஃப் பண்ணிட்டு, துணி நிறைய தொங்குற அலமாரியை தொறந்து வெச்சு அதுக்கு நேரா நின்னு பேசிப் பாருங்க, வெறும் சுவத்துல பட்டு வர்ற எதிரொலியை துணி இழுத்துக்கும், குரல் கிட்டக்க இருந்து பேசுற மாதிரி வரும். போன் வாயில இருந்து ஒரு சாண் தள்ளி, நேரா இல்லாம கொஞ்சம் பக்கவாட்டுல இருக்கணும், இல்லன்னா ஒவ்வொரு ப வர்றப்பவும் மைக்ல காத்து அடிக்கிற சத்தம் கேக்கும். வாயில நுழையாத பேரு வந்தா ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி நாலு தடவை வாய்விட்டு சொல்லிப் பாத்துக்குங்க. முடிச்சதும் அனுப்பாதீங்க, எம்ஆர்டில போறப்ப ஒத்தை இயர்போன்ல கேட்டுப் பாருங்க, அந்த இரைச்சல்ல புரிஞ்சுதுன்னா லாரியிலயும் புரியும். வேகமா பேசுறவங்க இங்க தான் மாட்டுவாங்க. மெதுவா பேசினா போரடிக்குமேன்னு பயப்படாதீங்க, அவசரப்படுறவங்க ஒன்னரை மடங்கு ஸ்பீடு வெச்சு கேட்டுக்குவாங்க.

ராத்திரியே ரெடி பண்ணி வெச்சு விடியக்காலையில அனுப்பிடுங்க, எட்டு மணிக்கு அனுப்பினா சைட்டுல ஹெல்மெட் மாட்டிட்டாங்க, போச்சு. குரூப் வெச்சா அட்மின் மட்டும் மெசேஜ் போடுற மாதிரி செட்டிங்கை மாத்திடுங்க. இதை பண்ணலன்னா முதல் வாரமே ஆமென், ரோஜாப்பூ, குட்மார்னிங் படம்னு வந்து குவியும், எல்லாரும் மியூட் போட்டுடுவாங்க, உங்க வாய்ஸ் மெசேஜ் அதுக்குள்ள புதைஞ்சு போயிடும். இன்னொன்னு, சாதாரண குரூப்ல எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும், பொம்பளைப் பிள்ளைங்களுக்கு அது தொல்லை. வாட்ஸ்அப் சேனல் வெச்சா ஃபாலோ பண்றவங்க நம்பர் மத்தவங்களுக்கு தெரியாது. பிராட்காஸ்ட் லிஸ்டுன்னா ஒரு லிஸ்டுல 256 பேரு வரைக்கும், ஆனா உங்க நம்பரை சேவ் பண்ணி வெச்சிருக்குறவங்களுக்கு மட்டும் தான் போய் சேரும், நிறைய பேருக்கு இது தெரியாது, அனுப்பிட்டேனே ஏன் வரலைன்னு குழம்புவாங்க. எப்படி பண்ணாலும் ஆளை கேக்காம சேக்காதீங்க. புளோக் குரூப், ஆபீஸ் குரூப்ல போய் நற்செய்தி ஃபார்வர்ட் பண்ணவே கூடாது.

அடுத்தது இதை விட எளிசு, ஆனா யாரும் பண்றதில்ல. புதுசா வேலைக்கு வந்த ஒருத்தர் திருச்சியில இருந்தோ கன்னியாகுமரியில இருந்தோ வந்து இறங்குறாரு, ஞாயித்துக்கிழமை தமிழ் பூசை எங்கன்னு அவருக்கு தெரியாது. ஓஃபிர் ரோட்டுல இருக்குற லூர்து அன்னை கோவில் தமிழ் கத்தோலிக்கருக்காகவே கட்டினது, 1888ல திறந்தாங்க, தேசிய நினைவுச்சின்னம் வேற, ஆனா டார்மிட்டரியில புதுசா வந்தவருக்கு ஓஃபிர் ரோடுன்னா என்ன தெரியும்? அதனால ரோச்சோர் எம்ஆர்டி ஸ்டேஷன் கேட்டுல கார்டை தட்டி வெளிய வர்றதுல இருந்து கோவில் வாசல் வரைக்கும் நடந்துகிட்டே ஒரு வீடியோ எடுங்க, எந்த வழியா மேல ஏறணும், எந்த சிக்னல்ல கடக்கணும், எந்த கட்டடத்தைப் பாத்தா கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம், எல்லாத்தையும் தமிழ்ல சொல்லிகிட்டே நடங்க. எடிட்டிங் எதுவும் வேணாம். பூசை நேரத்தை மட்டும் வீடியோவுக்குள்ள சொல்லாதீங்க, நேரம் மாறினா வீடியோவே வீணாப் போயிடும், நேரத்தை தனியா ஒரு மெசேஜா போட்டு குரூப்ல பின் பண்ணிட்டு, பங்கு அறிவிப்பை பாத்து அப்பப்ப மாத்துங்க. பாவசங்கீர்த்தனம் எப்ப, தமிழ் தெரிஞ்ச ஃபாதர் எந்த நாள் இருப்பாரு, ஞானஸ்நானத்துக்கு யாரை கேக்கணும், பங்கு ஆபீஸ் நம்பர், இதெல்லாம் அந்த ஒரே மெசேஜ்ல.

2025 செப்டம்பர் 7ல போப் லியோ புனிதரா அறிவிச்சாரே கார்லோ அகுதிஸ், 15 வயசுல இறந்து போன பையன், அவரும் கிட்டத்தட்ட இதைத் தான் பண்ணாரு. உலகம் பூரா நடந்த நற்கருணை அற்புதங்களை தேடி, சேத்து, ஒழுங்கா அடுக்கி ஒரு வெப்சைட்ல வெச்சாரு. தேடுறவங்களுக்கு கிடைக்கிற மாதிரி வைக்கிறதும் ஒரு ஊழியம் தான்.

அன்பியத்துல (பங்குல இருக்குற சின்ன செபக் குழு) இருக்குறவங்களுக்கு வீடியோ காலில் செபமாலை. அக்டோபர்லயும் மே மாசத்துலயும் இது நல்லா ஓடும், ஊர்ல இருக்குற அம்மா அப்பாவும் சேந்துக்கலாம், இங்க ஒன்பது மணின்னா அங்க ஆறரை, ரெண்டு பக்கமும் தோது. ஆனா எல்லாரும் மைக்கை ஆன் பண்ணிட்டு அருள் நிறைந்த மரியே சொன்னா ஒவ்வொருத்தர் குரலும் ஒவ்வொரு நேரத்துக்கு வந்து சேரும், சந்தைக்கடை ஆயிடும். முன்பாதி சொல்றவர் ஒருத்தர், பின்பாதி சொல்றவர் ஒருத்தர், இவங்க ரெண்டு பேரு மைக் மட்டும் ஆன், மத்தவங்க மியூட்ல இருந்து வீட்டுல வாய்விட்டு சொல்லணும். பத்து அருள் நிறைந்த மரியே முடிஞ்சதும் ஒவ்வொரு தடவையும் அந்த ரெண்டு பேரை மாத்துங்க, யாருக்கு எந்த மறையுண்மைன்னு முன்னாடியே மெசேஜ்ல போட்டுடுங்க. ஜூம்ல காசு கட்டாத கணக்குக்கு 40 நிமிஷம், செபமாலைக்கு அது தாராளம், மன்றாட்டுமாலையும் சேத்துக்கலாம், ஆனா ஆரம்பத்துல கேக்குதா கேக்குதான்னு பத்து நிமிஷம் ஓட்டினீங்கன்னா கடைசியில கிருபை தயாபத்து செபம் சொல்றப்ப கட் ஆயிடும்.

இதெல்லாம் நடந்துட்டு இருக்கு, இப்ப யூடியூப் சேனல் வேணும்னு தோணுதா, சரி ஆரம்பிங்க. முதல்ல பேரு. திருச்சபைச் சட்டம் 216ன்படி எந்த முயற்சியும் தகுந்த அதிகாரியோட சம்மதம் இல்லாம கத்தோலிக்க அப்படிங்கிற பேரை வெச்சுக்கக் கூடாது, அதனால பேரு முடிவு பண்றதுக்கு முன்னாடி பங்குத்தந்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. யூடியூப்ல மொபைல்ல இருந்து லைவ் போக 50 சப்ஸ்கிரைபர் வேணும், லைவ் வசதி ஆன் ஆக 24 மணி நேரம் வரைக்கும் ஆகலாம், திருவிழா அன்னைக்கு காலையில உக்காந்து டிரை பண்ணாதீங்க. பூசையை ஷூட் பண்றது ஃபாதர் அனுமதி இருந்தா மட்டும். நம்ம பாட்டு கேசட் காலத்து பாட்டா இருந்தாலும் உரிமை யார்கிட்டயோ இருக்கும், பின்னணியில போட்டா காப்பிரைட் நோட்டீஸ் வரும், பேசாம கொயர்ல இருக்குற அக்காவை பாட்டு இல்லாம வயலின்லயோ கீபோர்டுலயோ சொந்தமா ஒரு மெட்டு வாசிக்கச் சொல்லுங்க. இன்ஸ்டாகிராம், டிக்டாக் எல்லாம் இளைஞர் குழு பாத்துக்கட்டும், அவங்களுக்கு நாம சொல்லித்தர வேண்டியது ஒன்னும் இல்ல, வாசிக்கிற பகுதி சரியா இருக்கான்னு மட்டும் பாத்தா போதும்.

மறைக்கல்வி பிள்ளைங்க முகம் தெரியுற போட்டோ போடுறதுக்கு முன்னாடி அப்பா அம்மாகிட்ட எழுத்துல ஒரு ஓகே வாங்கிக்குங்க, வாட்ஸ்அப்ல கேட்டு வாங்கினாலும் சரி.

2020 பிப்ரவரி 15ல இருந்து இங்க பூசை நிறுத்தினப்ப எல்லாருமே லைவ்ல பூசை பாக்கப் பழகினோம், சில பேரு இன்னும் சோபாவுல இருந்து எழுந்திரிக்கல. உடம்பு முடியாதவங்களுக்கு லைவ் ஒரு வரம், ஆனா இணையத்துல அருட்சாதனம் (நற்கருணை, பாவசங்கீர்த்தனம் மாதிரி) கிடையாதுன்னு 2002லயே வத்திக்கான் தெளிவா சொல்லிடுச்சு. அதனால நீங்க எதைப் போட்டாலும் அதுக்குள்ள ஒரு நேர் அழைப்பு இருக்கட்டும், ஞாயிறு பூசைக்கு முன்னாடி மாதா கெபிகிட்ட நிப்போம் வாங்க, அந்த மாதிரி.

ஃபார்வர்ட் விஷயம் பெரிய தலைவலி. போப் சொன்னாருன்னு வர்றதுல பாதி போப் சொன்னதே இல்ல. 2023 மார்ச்சுல போப் பிரான்சிஸ் பெரிய வெள்ளை ஜாக்கெட் போட்ட படம் உலகம் பூரா சுத்துச்சு, அது ஏஐ பண்ண படம். இப்ப போப் லியோ பேசுற மாதிரியே குரல் வெச்சு வீடியோ வருது, அந்த குரலை நம்பி அம்மாமாருங்க அழுதுகிட்டே ஷேர் பண்றாங்க. எது வந்தாலும் வத்திக்கான் நியூஸ் தமிழ் பக்கத்துல தேடுங்க, அங்க இல்லன்னா அனுப்பாதீங்க. வேரித்தாஸ் தமிழ் வானொலியும் நல்லது, முன்னாடி சிற்றலையில கேட்டது இப்ப ஆன்லைன்ல வருது. இதை 12 பேருக்கு அனுப்பினா அற்புதம் நடக்கும், அனுப்பலன்னா கெட்டது நடக்கும்னு அந்தோணியார் படத்தோட வருதே, அது விசுவாசமே இல்ல, மூடநம்பிக்கை. அனுப்பின ஆன்ட்டியை குரூப்ல வெச்சு திருத்தாதீங்க, தனியா கூப்பிட்டு, ஆன்ட்டி இது வேணாமே, இதுக்கு பதிலா இந்த செபத்தை போடுங்கன்னு ஒன்னை கையில குடுங்க. ஏஐகிட்ட சுருக்கம் எழுதி வாங்கலாம், எழுத்துப்பிழை பாக்கச் சொல்லலாம், ஆனா வசனத்தையும் புனிதர் சொன்னதையும் அது சொந்தமா இட்டுக்கட்டி தரும், அதனால புத்தகத்தை தொறந்து பாக்காம ஒரு வசனம் கூட வெளிய போகக் கூடாது.

இது சிங்கப்பூர், மத்த மதத்தைப் பத்தி ஒரு கிண்டல், ஒரு ஒப்பீடு கூட வேணாம். மத நல்லிணக்கச் சட்டம் 1990ல இருந்தே இருக்கு, ஆன்லைன்ல எழுதுறதும் பேசுறதும் அதுல அடங்கும், ஊர்ல இருந்து வர்ற சில பிரசங்க வீடியோவை அப்படியே இங்க ஷேர் பண்ணா சிக்கல் உங்களுக்குத் தான். சட்டத்தை விடுங்க, அந்த ஷிப்யார்டு தம்பி ரூம்ல பக்கத்து கட்டில்ல படுக்குறவரு முருக பக்தர், எதிர் கட்டில்ல தொழுறவரு, நீங்க அனுப்புறதை அவரு ஸ்பீக்கர்ல போட்டாலும் அவங்க முகம் சுளிக்காத மாதிரி இருக்கணும். காசு விஷயத்துல இன்னும் கறார், சொந்த பேநவ் நம்பரை குரூப்ல போடவே போடாதீங்க. ஊர்ல கோவில் கட்டுறதுக்கு இங்க பொதுமக்கள்கிட்ட வசூல் பண்ணணும்னா பெர்மிட் வாங்கணும், கேட்டு வந்தா பங்கு ஆபீஸ்ல பேசச் சொல்லிடுங்க.

நல்லா போக ஆரம்பிச்சதும் தனி மெசேஜ் வரும். அண்ணே எனக்காக வேண்டிக்குங்க, ஏஜென்ட் கடன் இருக்கு, வீட்டுல பிரச்சனை, சில நேரம் வாழவே பிடிக்கலைன்னு கூட. வேண்டிக்கிறேன்னு எழுதுறதோட நிறுத்தாம போன் பண்ணி பேசுங்க. உயிரை விடுற மாதிரி பேசினா எஸ்ஓஎஸ்ங்கிற தற்கொலை தடுப்பு அமைப்போட நம்பர் 1767, 24 மணி நேரமும் எடுப்பாங்க, அந்த நம்பரை குடுத்துட்டு ரூம்ல கூட இருக்குற யாரையாவது பக்கத்துல இருக்கச் சொல்லுங்க. பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னு சொல்றவங்க உங்ககிட்ட எதையும் டைப் பண்ண விடாதீங்க, போன்ல அது செல்லாது, ஃபாதரை எப்ப பாக்கலாம்னு மட்டும் சொல்லுங்க. கேட்டதை வேற யார்கிட்டயும், செபக் குரூப்ல வேண்டுதலாக் கூட, பேரோட போடாதீங்க.

கடைசியா ஒன்னு, எல்லாத்துலயும் அட்மின் ரெண்டு பேரு இருக்கணும், அதுல ஒருத்தர் இங்கயே நிரந்தரமா இருக்குறவரா பாத்துப் போடுங்க. வொர்க் பெர்மிட் முடிஞ்சு ஊருக்குப் போறவரு சிம்மை தூக்கிப் போட்டுட்டாருன்னா பாஸ்வேர்டு, சேனல், பின் பண்ண மெசேஜ் எல்லாம் அவரோடயே போயிடும்.