ஹேடீஸ் ஆட்டத்தில் எல்லோரும் செய்கிற தப்புகள்

சித்தப்பா மகன் லீவுக்குக் காரைக்குடி வந்திருந்தான். ஆத்தங்குடிக் கல் குளுகுளுவென்று இருக்கிறதென்று வளவு ஓரத்தில் குப்புறப் படுத்தபடி ஹேடீஸ் என்ற வீடியோ கேம் ஆடினான். மூன்று நாளில் இருபது தடவையாவது செத்திருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், நான் ஆரம்பத்தில் செய்த தப்புகள் ஒன்றுவிடாமல் அவனிடமும் இருந்தன.

ஆடாதவர்களுக்கு ஒரு வரி. சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் என்ற சிறிய குழு உருவாக்கி, 2020 செப்டம்பரில் முழுதாக வெளியிட்ட ஆட்டம் இது. பாதாள அரசன் ஹேடீஸின் மகன் சாக்ரியஸ் வீட்டை விட்டு ஓடப் பார்க்கிறான். அறை அறையாக அடித்துப் பிடித்து மேலே ஏற வேண்டும். செத்தால் மறுபடி அப்பா வீட்டு ரத்தக் குளத்திலிருந்துதான் எழ வேண்டும்.

எழுந்ததும் அடுத்த ஓட்டத்துக்குப் பாய்வதுதான் பெரிய தப்பு. முகப்பில் நுழைந்து, வளவில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடமும் பேசாமல் பின்கட்டு வழியாக அடுத்த தெருவில் இறங்குகிற மாதிரி. நம் ஊரில் ஆச்சிமார் விட்டுவிடுவார்களா? இந்த ஆட்டத்தில் 20,000-க்கு மேல் வசனங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சாவுக்கும் வீட்டில் யாராவது புதிதாக ஏதாவது சொல்வார்கள். காதலும் அங்கேதான் நகர்கிறது. முதல் கட்டத்தின் முடிவில் வழிமறித்து, சற்றுமுன் சாட்டையால் விளாசிய மெகேரா, திரும்பி வந்து பார்த்தால் கூடத்தில் ஒன்றும் நடக்காதது போல நின்று முறைப்பாள். அந்த முறைப்பிலிருந்துதான் கதையே தொடங்குகிறது.

அப்புறம் நெக்டர் பாட்டில், அதாவது ஆட்டத்தில் பரிசாகக் கொடுக்கும் தேவ மது. தம்பி கிடைத்ததையெல்லாம் மெகேராவுக்கே கொடுத்துக்கொண்டிருந்தான். மொய் நோட்டு பார்த்து வளர்ந்த நமக்கு இது தெரிய வேண்டாமா? ஒருவருக்கு முதல் பாட்டில் கொடுத்தால் அவர் பதிலுக்கு ஒரு நினைவுப் பொருள் தருவார். அதை அணிந்துகொண்டு சண்டைக்குப் போகலாம். அதனால் முதலில் ஆளுக்கு ஒன்று. கூடத்தில் ஹேடீஸின் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று தலை நாய் செர்பரஸுக்கும் சேர்த்துத்தான். அதன் கழுத்துப்பட்டை 25 ஹெல்த் கூட்டும். ஓரளவுக்கு மேல் காதலுக்கு நெக்டர் பத்தாது, அதைவிட அரிய பரிசான அம்ப்ரோசியா கேட்கும். அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

“அந்தச் சாட்டைக்காரப் புள்ள இன்னைக்காவது சிரிச்சுப் பேசுச்சாடா?” என்று அப்பத்தா தினமும் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

சண்டையில் அவன் தடுமாறியதற்குக் காரணம், கண்ணில் பட்ட தெய்வத்திடமெல்லாம் வரம் வாங்கியது. கதவிலேயே அடுத்த அறையில் என்ன கிடைக்கும் என்ற சின்னம் இருக்கிறது, பார்த்துப் போகலாம். இரண்டு மூன்று தெய்வங்களோடு நின்றால்தான் இருவர் சேர்ந்து தரும் வரம் கிடைக்க வழி பிறக்கும். வழியில் சேர்த்த டார்க்னஸ் என்ற பொருளை வீட்டுக் கண்ணாடியில் செலவழித்து நிரந்தரச் சக்திகள் வாங்கும்போது, செத்தாலும் ஒருமுறை எழுப்பிவிடும் டெத் டிஃபையன்ஸை முதலில் வாங்குங்கள். மூன்றாவது கட்டத்தின் முடிவில் வரும் வீரன் தெசியஸை முன்னால் நின்று அடிப்பது வீண், கேடயத்தில் தடுத்துவிடுவான். டேஷ் அடித்து, அதாவது சட்டென்று பாய்ந்து, முதுகுப் பக்கம் போங்கள்.

ஆட்டத்தை எளிதாக்கும் காட் மோடைப் போட்டுக்கொள்வது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பதையும் விட்டுவிடுங்கள். படும் அடியை 20 சதவீதம் குறைக்கும். ஒவ்வொரு சாவுக்கும் 2 சதவீதம் கூடி, 80 வரை போகும். கதையில் ஒரு வசனம்கூடக் குறையாது. தம்பி முறைத்தான். அன்று மாலை கரண்ட் போய், காற்றும் இல்லாமல், இன்னும் நான்கு தடவை செத்த பிறகு சத்தமில்லாமல் போட்டுக்கொண்டான்.

ஊருக்குக் கிளம்பும் முன்னால் கடைசிக் கட்டம் வரை போய்விட்டான். அங்கே வழிமறித்து நின்றவர் ஹேடீஸ். அப்பத்தா எட்டிப் பார்த்து, “பெத்த அப்பனே அடிக்க வர்றானா? நீ அந்தப் புள்ளைகிட்டயே போயிடு” என்றார்.