க்வில்ட் கிட் வாங்குவதா, துணியை நாமே எடுப்பதா?

ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரி இரவுக்கு ஒற்றைப் போர்வை பத்தாது. அதே இரவில் கீழே சேலத்தில் கனமான க்வில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) போர்த்தினால் வியர்க்கும். இந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது நடுவில் வைக்கும் பஞ்சு ஷீட். க்வில்ட் தைப்பதற்கென்று விற்கும் பெரும்பாலான கிட்களில் அதுதான் இருப்பதில்லை.

கிட்டில் வருவது மேல்பக்கத்துக்கான துணித் துண்டுகளும் செய்முறைத் தாளும். சிலவற்றில் ஓரத்துக்கான பட்டித் துணியும் இருக்கும். பஞ்சு ஷீட், அடித்துணி, நூல் மூன்றும் தனிச் செலவு. வெளிநாட்டுக் கிட் என்றால் அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேரும். விலையை ஒப்பிடும்போது இதையெல்லாம் கூட்டிக்கொண்டு பாருங்கள்.

அப்படியானால் கிட் எதற்கு? இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, நிறப் பொருத்தம். பத்துப் பூத்துணியை ஒன்றோடொன்று சேரும்படி தேர்ந்தெடுப்பது புதியவர்களுக்குத் தையலைவிடக் கடினம். இரண்டு, கணக்கு. எத்தனை துண்டு, என்ன அளவு என்று யாரோ ஏற்கெனவே போட்டுவைத்திருக்கிறார்கள். தொட்டில் க்வில்ட், சுவரில் மாட்டும் துணி போன்ற சிறிய வேலைக்குக் கிட் சரியான வழி. கட்டில் அளவுக்கு எங்கள் வாக்கு சேலம் கடைவீதிக்குத்தான்.

வாங்கும் முன் ‘தைத்து முடித்த அளவு’ என்ன என்று பாருங்கள். 5 இன்ச் சதுரம் 42 கொண்ட கட்டு நிறைய விற்கிறது. சுற்றிலும் கால் இன்ச் தையலுக்குப் போனால் ஒரு சதுரம் நாலரை இன்ச். 6 வரிசைக்கு 7 என்று அடுக்கினால் 27 × 31½ இன்ச். கைக்குழந்தைக்கு மட்டும் காணும். துணி முழுப் பருத்தியா, துண்டுகள் வெட்டியே வருகின்றனவா, ஓரப்பட்டி உண்டா, அளவு கெஜத்திலா மீட்டரிலா என்றும் கேட்டுவிடுங்கள். கெஜம் 36 இன்ச், மீட்டர் 39.37 இன்ச்.

கிட்டின் பெரிய குறை, அதில் மிச்சம் இருக்காது என்பது. துணி கச்சிதமாக எண்ணி வைக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டைக் கோணலாக வெட்டிவிட்டால் அதே அச்சுத் துணி மறுபடி கிடைப்பது அரிது. அந்த அச்சு ரகத்தையே நிறுத்தியிருப்பார்கள்.

இப்போது நாமே எடுக்கும் கணக்கு. ஒற்றைக் கட்டிலுக்கு 10 இன்ச் சதுரம் 54 வேண்டும். 6க்கு 9 என்று தைத்தால் 57 × 85½ இன்ச் வரும். 6 நிறம், நிறத்துக்கு 9 சதுரம். 44 இன்ச் அகலத் துணியில் குறுக்கே 4 சதுரம் விழும், ஆக 3 வரிசை, 30 இன்ச் நீளம். பருத்தி முதல் அலசலில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், கடைக்காரர் கிழிக்கும்போது கோணலும் விழும். அதனால் நிறத்துக்கு 90 செ.மீ. எடுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் 3 சதுரம் உபரியாக நிற்கும். கைத்தறித் துணி என்றால் அகலத்தை முதலில் அளந்து பாருங்கள்; 36 இன்ச் தறியில் 3 சதுரம்தான் விழும்.

அடித்துணி நாலு பக்கமும் 4 இன்ச் கூடுதலாக, 65 × 93½ இன்ச் வேண்டும். 44 இன்ச் துணியில் இரண்டு பாகம் இணைக்க 5 மீட்டர் ஆகும். 90 × 100 இன்ச் பருத்திப் பெட்ஷீட் ஒன்றை அலசிப் போட்டால் இணைப்பே வேண்டாம். ஓரப்பட்டிக்கு இரண்டரை இன்ச் அகலத்தில் 8 பட்டை, 60 செ.மீ. துணி போதும்.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கும் திருப்பூர் பனியன் துண்டு இழுபடும், சதுரம் சதுரமாக நிற்காது. இளம்பிள்ளைச் சேலையில் செயற்கைப் பட்டு ரகம் வழுக்கும், சூடான இஸ்திரியில் உருகும். சேலம் வெண்பட்டில் மிஞ்சிய துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் பருத்தியோடு சேர்க்க வேண்டாம். அலசினால் இரண்டும் ஒரே அளவு சுருங்காமல் தையல் சுருக்கிக்கொள்ளும்.

பஞ்சுக்குப் பாலியஸ்டர் ஷீட்டே எளிது. சேலத்துக்கு 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை), ஏற்காட்டுக்கு 200. மலையில் மழை, பனிமூட்ட நாட்களில் பருத்திப் பஞ்சு காய நாளாகும், பூஞ்சை வாடையும் அடிக்கும். இலவம்பஞ்சு தலையணைக்கு நல்லது. க்வில்ட்டுக்குள் ஒரு மூலையில் போய்க் குவிந்துகொள்ளும்.

கிட்டே வாங்கிவிட்டீர்களா? முதலில் துண்டுகளை எண்ணி, அளந்து, பட்டியலோடு சரிபாருங்கள். வெட்டி வந்த துண்டுகளை அலச வேண்டாம். ஓரம் பிரியும், அளவும் போய்விடும். சிவப்பு, கருநீலத்தின் மேல் மட்டும் ஈர வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் அந்த நிறத்தை மாற்றிவிடுவதே நல்லது. ஓரம் பல் பல்லாக வெட்டியிருந்தால், 5 இன்ச் என்பது பல்லின் நுனியிலிருந்தா, பள்ளத்திலிருந்தா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எங்கிருந்து 5 வருகிறதோ, அதிலிருந்தே கால் இன்ச் தையல்.

நம் ஊர்த் தையல்காரர்கள் தடுமாறும் இடம் இந்தக் கால் இன்ச்தான். ஜாக்கெட்டுக்குத் தாராளமாகத் துணி விட்டுப் பழகிய கை அது. கால் இன்ச்சுக்குப் பதில் எட்டில் மூன்று (⅜) இன்ச் விட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் கால் இன்ச் குறையும். மேலே சொன்ன க்வில்ட்டில் நீளவாக்கில் 8 இணைப்பு, மொத்தம் 2 இன்ச் போச்சு. கிட்டில் அளந்து வெட்டிவந்த பார்டர் (சதுரங்களைச் சுற்றி இணைக்கும் துணி) அப்போது பொருந்தாது. தொடங்கும் முன், ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டைத் துணியை இணைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும். இருந்தால், ஊசியிலிருந்து அந்தக் கால் இன்ச் தூரத்தில் மெஷின் தட்டின்மேல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சதுரங்களை இணைக்க 14ஆம் நம்பர் ஊசி, இன்ச்சுக்கு 12 தையல். முதல் வரிசையின் தையல் மடிப்பை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால் மூலைகள் தாமாகவே கவ்விக்கொள்ளும். பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். தேய்த்தால் சதுரம் இழுபடும். பார்டர் வெட்ட ஓரத்தை அளக்காதீர்கள், அது நீண்டிருக்கும். நடுவில் அளந்து அந்த நீளத்துக்கு வெட்டுங்கள்.

அடித்துணியைக் கவிழ்த்துத் தரையில் டேப் போட்டு ஒட்டி, மேலே ஷீட், அதற்கு மேல் தைத்த துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 4 இன்ச்சுக்கு ஒரு ஊக்கு. அடியில் மடிப்பு விழுவதற்குப் பெரும்பாலும் தளர்ந்த அடித்துணியே காரணம். இனி இஸ்திரி கூடாது, பாலியஸ்டர் உருகும். 16ஆம் நம்பர் ஊசிக்கு மாறி, மெஷின் பாதத்தின் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, மூன்று அடுக்கையும் சேர்த்து நடுவிலிருந்தே தையுங்கள். 200 ஜிஎஸ்எம் ஷீட் பழைய கால்மெஷினின் பாதத்துக்கு அடியில் நுழைய மறுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம். கெட்டி நூலால் 4 இன்ச்சுக்கு ஒரு முடிச்சு போட்டால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் கிட்டில் ஒரு துண்டு கெட்டுப்போனால், அதற்குப் பதிலாக அச்சு அசலான துணியைத் தேடி அலையாதீர்கள். நிறம் ஒரு படி வெளிறிய, அச்சில்லாத சாதாரணத் துணியை எடுத்து, எதிரெதிர் இடங்களில் இருக்கும் நாலு சதுரத்தையும் அதிலேயே வெட்டுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒட்டுப் போட்டது கண்ணுக்குத் தெரியும்.