கொம்பில்லா மானைக் களிமண்ணில் செய்யும் முறை

கோத்தகிரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் களிமண் வேலை சொல்லிக்கொடுக்கிறேன். மான் என்றதும் முதலில் கொம்பைத்தான் உருட்டுவார்கள். மைக்ரோமெரிக்ஸுக்குக் கொம்பே கிடையாது. மயோசீன் காலத்தில் (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) வாழ்ந்து அற்றுப்போன கஸ்தூரி மான் பேரினம் அது. பிரான்சின் சான்சான் ஊர்ப் புதைபடிவங்களிலிருந்து அதை அடையாளம் கண்ட பிரெஞ்சுப் புதைபடிவ ஆய்வாளர் லார்த்தே, 1851இல் இந்தப் பெயரை வைத்தார்.

எடை சுமார் 5 கிலோதான். நம் கீழ்ச்சரிவுக் காடுகளில் சருகுமானைக் கண்டவர்கள் அதைவிடச் சற்றுப் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். நான் தோளுயரம் 35 செ.மீ., இடுப்புயரம் 40 செ.மீ. வைக்கிறேன். கஸ்தூரி மான் குடும்பத்துக்குப் பின்கால் நீளம்; முதுகு முன்பக்கமாகச் சரிய வேண்டும். சரிவு போனால் ஆட்டுக்குட்டிதான் நிற்கும்.

கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கிக் கால்களையும் முதுகையும் வளைத்து, பலகையில் ஆணியடித்து நிறுத்துங்கள். உடலுக்கு வைக்கோல் திணித்து, கம்பி முழுவதும் சணல் சுற்றுங்கள். களிமண் காயும்போது சுருங்கும், கம்பி சுருங்காது. இடையில் சணல் இல்லையென்றால் வெடிப்புதான். சென்ற ஆடி மழையில் அவசரப்பட்டுக் கணப்பருகே வைத்தேன். மறுநாள் காலையில் கழுத்து இரண்டாகப் பிளந்திருந்தது. மலைக்குளிரில் மூன்று வாரம் ஆனாலும் ஆகட்டும், ஈரச் சாக்கைப் போர்த்தி நிழலில் மெல்லக் காய விடுங்கள்.

முகத்தில்தான் உயிர் இருக்கிறது. மேல்தாடையின் முன்பக்கம் வெட்டுப்பல் வேண்டாம். ஆனால் ஆணுக்கு இரண்டு பக்கமும் கோரைப்பல், வாய் மூடினாலும் வெளியே தெரியும்படி. நம் கேளையாட்டுக்கும் (குரைக்கும் மான்) கோரைப்பல் உண்டு, கொம்பும் உண்டு. பிள்ளைகள் அங்கேதான் குழம்புவார்கள். பல்லுக்குக் கொட்டாங்குச்சியைவிட நல்ல பொருள் நான் கண்டதில்லை. அதன் வளைவு இயற்கையாகவே பின்னோக்கிப் போகும். சில்லை மெல்லிய கத்தியலகு போல உப்புத்தாளில் தேய்த்து வெள்ளை பூசுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே துளையைச் சற்றுத் தளர்வாகப் போட்டுவையுங்கள்.

நிறத்துக்குச் செம்மண் பழுப்பு போதும். எலும்பில் நிறம் தங்குவதில்லை, அதனால் சருகுமானின் வெள்ளைக் கோடுகளைக் கடன் வாங்காதீர்கள். கஸ்தூரிப் பையையும் நான் செய்வதில்லை. அதுவும் கல்லில் பதியாத மென்திசு.

எல்லாம் காய்ந்த பிறகு, துளையில் ஒரு சொட்டுப் பசை விட்டு, பற்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள்.